பம்பாய் நகரமும் வீட்டுச் சோறும்

2020ஆம் ஆண்டுக்கு முன்னர், மும்பையின் சர்ச்கேட் ரயில் நிலைய வாசலில் நண்பகல் வேளையில் நின்றவர் எவரும் ஒரு காட்சியைக் காணாமல் போயிருக்க முடியாது. வெள்ளைச் சட்டையும் காந்திக் குல்லாயும் அணிந்த ஆட்கள், நீண்ட மரச்சட்டங்களில் 30, 40 சாப்பாட்டு அடுக்குகளை வரிசையாக அமர்த்தித் தலைமேல் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாய் வெளியே வருவார்கள். நடைபாதையில் இறக்கப்பட்ட அடுக்குகள் சில நிமிஷங்களில் பிரிக்கப்பட்டு, சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் ஏறித் தெருத் தெருவாக மறைந்துவிடும். ஒவ்வோர் அடுக்கிலும் இருந்தது, எங்கோ ஒரு புறநகர் வீட்டில் அன்று காலை ஒருவருக்கென்றே சமைத்த உணவு. நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் அடுக்குகளை ஏறத்தாழ 5,000 பேர் இவ்வாறு சுமந்தனர்.

காசு கொடுத்தால் எந்த மூலையிலும் சாப்பாடு கிடைக்கும் நகரத்தில், இத்தனை பாடுபட்டு வீட்டுச் சோற்றை வருவித்து உண்பானேன்?

இதற்கு வரலாறு தரும் முதல் விடை ரயில் வண்டியில் இருக்கிறது. 1853இல் போரிபந்தருக்கும் தாணாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிற்று. 1867இல் மேற்குப் பாதையில் விரார் வரை வண்டி வந்தது. உத்தியோகம் கோட்டைப் பகுதியிலும் வீடு தொலைவிலுமாக வாழ்க்கை பிரிந்தது. பகல் உணவுக்கு வீடு திரும்பும் பழைய வழக்கம் இயலாததாயிற்று. 1890 வாக்கில் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் சுமார் நூறு ஆட்களைச் சேர்த்து உணவு சுமக்கும் தொழிலை ஒழுங்குபடுத்தினார் என்பது அத்தொழிலாளர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர்களிற் பெரும்பாலோர் புணே மாவட்டத்து மாவள், ஜுன்னர் முதலிய பகுதியினர். பண்டரிபுரத்து விட்டலனை வழிபடுவோர். 1956இல் இவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. மூடியில் வண்ணத்தால் எழுதிய சில எழுத்துகளும் எண்களுமே விலாசம்: ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், கட்டடம், மாடி எல்லாம் அதில் அடங்கிவிடும்.

இவர்களை 'டப்பாவாலா' என்கிறார்கள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இச்சொல்லைத் தமிழாக்கும் வேலை ஒருமுறை வந்தது. 'உணவு விநியோகிப்பவர்' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். சமைப்பவரும் அவரல்லர், விற்பவரும் அவரல்லர். இருவருக்கிடையே நடக்கும் ஒன்றைக் கைபடாமல் கொண்டு சேர்ப்பவர் அவர். 'டப்பாவாலா' என்றே விட்டுவிட்டேன்.

இரண்டாவது விடை சாதி, சமயம் பற்றியது. கிழங்கு உண்ணாத ஜைனர், புலால் தவிர்ப்போர், விரத நாளுக்கென வேறு உணவு கொள்வோர் என வீட்டுக்கு வீடு விதி வேறாயிருந்தது. பிறர் கைச் சோறு உண்ணக்கூடாதென்ற தீட்டு எண்ணமும் இதில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. சிக்கனம் மூன்றாவது காரணம். ஆயினும் இவை மட்டுமே காரணமாயிருந்தால் வழக்கம் என்றோ மறைந்திருக்க வேண்டும். இரானியர் நடத்திய தேநீர்க் கடைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருகின. பின்னர் உடுப்பி ஓட்டல்கள் வந்தன. தீட்டு பார்க்கும் வழக்கமும் அலுவலகங்களில் தளர்ந்தது. பலர் ஒரே மேசையில் அடுக்கைத் திறந்து பகிர்ந்து உண்டனர். அடுக்குகளோ குறையவில்லை.

வீட்டுச் சோறு என்பதன் பொருளை, வீடே இல்லாதவர்களிடத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். நகரின் நடுவே இருந்த பஞ்சாலைப் பகுதியான கிரண்காவில், இரத்தினகிரி, சாத்தாரா மாவட்டங்களிலிருந்து வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஓர் அறைக்குப் பலராய்த் தங்கினர். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதக் கணக்கில் பணம் பெற்று அவர்களுக்குச் சோறிட்டனர். இத்தகைய வீட்டு மெஸ்ஸுக்குக் 'காணாவள்' என்று மராத்தியில் பெயர். மளிகைக்கும் வட்டிக்கும் கடன்பட்டே பல பெண்கள் இத்தொழிலை நடத்தினர். வங்கிக் கடன் பெற்று அவர்கள் நிமிர வேண்டுமென 1975இல் பிரேமா புரவ் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறினர். ஆலைகளின் கதை அதன்பின் இறங்குமுகமே. சோறிட்ட பெண்களின் பிழைப்பும் அதனோடு பிணைந்திருந்தது என்பதை அவ்வேலைநிறுத்தத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் சிறுவயதில், 1980களில், நாங்கள் செம்பூரில் குடியிருந்தோம். தந்தையார் காலை ரயிலுக்குப் புறப்பட்ட பிறகே தாயார் குழம்பைக் கொதிக்க விடுவார். ஒன்பதரை மணிக்கு அடுக்கு வாசலில் காத்திருக்க வேண்டும். மாலை நான்குக்குக் காலி அடுக்கு திரும்பும். அதைக் கழுவுமுன் தாயார் திறந்து பார்ப்பது வழக்கம். பொரியல் மிஞ்சியிருந்தால் அது ஒரு செய்தி. ரசம் சொட்டின்றித் தீர்ந்திருந்தால் அதுவும் ஒரு செய்தி. ஒரு நாள் அடுக்கு தொடப்படாமலே திரும்பிற்று. வீட்டில் தொலைபேசி கிடையாது. தந்தையார் வரும்வரை தாயார் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். உடன் வேலை செய்த ஒருவர் வீட்டு விருந்துக்குப் போனதாகத் தந்தையார் சொன்னபோது தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கொட்ட மனமின்றி அந்த ஆறிய சோற்றை இரவில் அவரே உண்டார். அதன்பின் விருந்து உண்டென்றால் தந்தையார் முதல்நாளே சொல்லிவிடுவார்.

இதை அன்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது நியாயமன்று. அந்த அன்பு காலை நான்கரை மணிக்கு எழுந்திருந்தது. 2019இல் மத்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் அதில் செலவிட்டனர். சமையல் அவ்வேலைகளுள் பெரும் பகுதி. உண்பவர் பரிவென்று உணர்வது, சமைப்பவருக்குப் பரிவும் கடமையும் பிரிக்க இயலாமல் கலந்த ஒன்று. என் தாயாரைக் கேட்டால், 'வேறு யார் செய்வார்?' என்பார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து புறநகர் ரயில்கள் நின்றன. நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அடுக்குகளும் நின்றன. சுமந்தவர்கள் கிராமங்களுக்குத் திரும்பினர். அவர்களுள் பலர் பிறகு வரவேயில்லை. தொழில் மீண்டும் நடக்கிறது, முன்னிலும் சுருங்கி. வீடுகளிலோ அக்காலத்தில் சமையல் குறையவில்லை. அலுவலகமே வீட்டுக்கு வந்துவிட்டதால் ஒரு வேளை மூன்று வேளையாயிற்று.

தந்தையாரின் அடுக்கு இன்னும் எங்கள் சமையலறைப் பரணில் இருக்கிறது. மூடியில் சிவப்பு வண்ணத்தில் எழுதிய எண் பாதி அழிந்துவிட்டது. அடித்தட்டில் தாயார் புளி வைத்திருக்கிறார்.