டெலிவிஷனும் தலைக்கணக்கும்

டெலிவிஷன் நிலையங்கள் ஜனங்களுக்கு நிகழ்ச்சிகளை விற்கின்றன என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அமெரிக்க நாட்டில் அத்தொழில் வளர்ந்த வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு, உண்மை நேர்மாறானதென்பது விளங்கும். ஆங்கே சரக்கு, பார்ப்பவர்களே, வாங்குவோர், விளம்பரக்காரர், நிகழ்ச்சியோ ஆட்களைக் கூட்டுதற்பொருட்டு இடப்படும் இரை.

சரக்கென்றால் அதற்கு அளவு வேண்டுமன்றோ? 1930-ம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு கிராஸ்லி என்பார், எந்த ரேடியோ நிகழ்ச்சியைக் கேட்டீர்கள் என்று ஜனங்களை டெலிபோன் வாயிலாக விசாரித்துக் கணக்கெடுக்கலானார். மனிதர் மறப்பர், கௌரவத்தின் பொருட்டுப் பொய்யும் புகல்வர். ஆதலின், பெட்டி எந்நேரத்தில் எந்நிலையத்திற்குத் திருப்பப்பட்டதென்பதைத் தாள்நாடாவிற் கீறிவைக்கும் கருவியொன்றை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆசிரியர் இருவர் அமைத்தனர். 1936-ல் அதன் உரிமையை ஆர்தர் நீல்சன் பெற்று, 1942-ல் ரேடியோக் கணக்கையும், 1950-ல் டெலிவிஷன் கணக்கையும் தொடங்கினார்.

2000-ம் ஆண்டளவில் அந்நாட்டில் டெலிவிஷன் உள்ள வீடுகள் ஏறத்தாழ 10 கோடி. கருவி வைத்த வீடுகளோ ஏறத்தாழ 5,000. காலைப் பெரட்டில் ஒவ்வோர் ஆளையும் பெயர் சொல்லி அழைத்துச் செக்ரோலிற் பதியும் எம்போன்ற கிராணிகளுக்கு இது வியப்பே. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமென்பது கணித நூலுக்கும் ஒத்ததுதான். ஆயினும் ஒரு வீடு 20,000 வீடுகளுக்காகப் பேசிற்றென்பதையும், அப்பேச்சைக் கொண்டே நிகழ்ச்சிகள் வாழ்ந்தும் மாய்ந்தும் வந்தனவென்பதையும் மறத்தலாகாது.

இனி, நம் கடலிலேயே நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். சபாவின் மேற்குக் கரைக்கு அப்பால் புலாவ் தீகா என்னும் தீவொன்று உளது. 1897-ல் சேறு கக்கும் எரிமலை அங்கே பொங்கிற்று. 2000-ம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கர் 16 பேரை அத்தீவிற் கொண்டுவந்து விட்டனர். தம்முள் ஒருவரைத் தாமே வாக்களித்து வெளியேற்றிக்கொண்டே வந்து, 39 நாட்களின் இறுதியில் எஞ்சும் ஒருவருக்கு 10 லட்சம் டாலர் என்பது ஏற்பாடு. இதுவே 'சர்வைவர்'. ஆங்கிலேயராகிய சார்லி பார்சன்ஸ் வகுத்த இந்த அமைப்பு, முதன்முதல் 1997-ல் சுவீடன் நாட்டு டெலிவிஷனில் வேறு பெயரோடு அரங்கேறியது. சமைத்த உணவையன்றிச் சமையற் குறிப்பையே தேசந்தோறும் விற்கும் வாணிகம் இது.

கதை எழுதுவோர்க்கும் தேர்ந்த நடிகர்க்கும் ஆகும் பெருஞ் செலவு இதில் இல்லை. தயாரிப்பாளர் மார்க் பர்னெட், விளம்பரக்காரரை முன்னதாகவே சேர்த்துக் கொடுத்து, அவ்வருவாயிற் பங்கு பெறுமாறு சி.பி.எஸ். நிறுவனத்தோடு உடன்பட்டிருந்தார். தீவில் இருந்தோர் சோறு போதாமல் எலியையும் சுட்டுத் தின்றனர். போட்டியில் வென்றபோது விளம்பரக்காரரின் தின்பண்டமும் பானமும் அவர்களுக்குப் பரிசாயின. பசித்தவன் முகமலர்ச்சியினும் சிறந்த விளம்பரப் பலகை யாது? இதனைச் சாமர்த்தியம் என்று புகழ்வோர் புகழட்டும்; எமக்கு அருவருப்பே உண்டாகின்றது.

அமெரிக்க நிலையங்கள் கோடைகாலத்திற் பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகளையே திரும்பக் காட்டி வந்தன. அக்காலத்தையே தேர்ந்து, மே 31 முதல் இதனை ஒளிபரப்பினர். ஆகஸ்டு 23-ல் முடிவைக் கண்டோர் 5 கோடிக்கு மேற்பட்டோர் என்று நீல்சன் கணக்குக் காட்டிற்று. தீவு மலேசியாவினுடையது, எண்ணப்பட்ட வீடுகளுள் மலேசிய வீடு ஒன்றேனும் இல்லை. ஈண்டுள்ளோர் எவ்வளவு பேர் பார்ப்பினும் அக்கணக்கில் பூஜ்யமே.

பின்னர் மூண்டது வியாழக்கிழமைப் போர். வெள்ளியன்று புதிய சினிமாப் படங்கள் வெளிவரும்; சனியன்று ஜனங்கள் கடைக்குச் செல்வர். எனவே விளம்பரக்காரர் மிகுந்த விலை கொடுத்தது வியாழன் இரவுக்கே. அவ்விரவு எட்டு மணியில் என்.பி.சி. நிறுவனத்தின் 'பிரண்ட்ஸ்' என்னும் நகைச்சுவைத் தொடர் ஆண்டுகொண்டிருந்தது. 2001 பிப்ரவரியில் சி.பி.எஸ். தன் 'சர்வைவர்' இரண்டாம் பருவத்தை அதே மணிக்கு நேரெதிரே நிறுத்தியது. என்.பி.சி. செய்தது யாது? அரைமணித் தொடரை 40 நிமிஷமாக நீட்டிற்று! கதை வளர்ந்ததனால் அன்று. மற்றை நிலையத்தில் பாதி கடந்த நிகழ்ச்சிக்கு எவரும் மாறிச் செல்லார் என்பதனாலேயாம்.

அவ்வாண்டு முதலிடம் 'சர்வைவர்' பெற்றது. அடுத்த ஆண்டு 'பிரண்ட்ஸ்' அதனைப் பெற்றது. அதற்கடுத்த ஆண்டோ, தீவுக் கூட்டம் கலையாதபடி ஒன்பது மணிக்கு அதன் பின்னே வைக்கப்பெற்ற 'சி.எஸ்.ஐ.' என்னும் துப்பறியும் தொடர் அவ்விரண்டையும் முந்திற்று.