சி. கோபாலனின் ஆய்வு வெளியீடுகளும் மேற்கோள் செல்வாக்கும்

கோபாலன், சி. (29 நவம்பர் 1918, சேலம் – 3 அக்டோபர் 2019, சென்னை): இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் முன்னோடி. சென்னையில் மருத்துவம் பயின்று லண்டனில் ஆய்வுப் பட்டங்கள் பெற்றார். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராகவும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். 1987-ல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது.

தொடக்கக் காலக் கட்டுரைகளில் பெயர்பெற்றது, உள்ளங்கால் எரிச்சல் நோயைப் பற்றி 1946-ல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் வெளியானது. பி வைட்டமின் குறைபாட்டோடு தொடர்புடைய இந்த நோய் இன்று மருத்துவ அகராதிகளில் ‘கிரியர்சன்–கோபாலன்’ என்ற பெயரில் இருக்கிறது. நோய்க்கே பெயர் அமைந்துவிட்டதால், மூலக்கட்டுரையைத் திறந்து பாராதவர்களும் ஆசிரியர் பெயரைச் சொல்கிறார்கள்.

1960-ல் எஸ். ஜி. ஸ்ரீகண்டையாவுடன் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் எழுதிய ‘லியூசினும் பெல்லாக்ராவும்’ உலக ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. நியாசின் என்ற பி வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ரா, மக்காச்சோளம் உண்பவர்களின் நோய் என்றே அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. தக்காணத்திலோ சோளக் களியும் சோள ரொட்டியும் உண்ட ஏழைகளுக்கு அது வந்தது. கழுத்திலும் கைகளிலும் வெயில் படும் இடத்துத் தோல் கறுத்து உரிந்தது. சோளப் புரதத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலம், உடலில் நியாசின் பயன்படும் வழியைக் குலைக்கிறது என்று இருவரும் விளக்கினர். 1967-ல் வெளியான நாய்க்குட்டிச் சோதனைகள் இவ்விளக்கத்துக்கு வலுச்சேர்த்தன.

அடுத்தது குழந்தைகளின் சத்துக்குறைவு பற்றிய பணி. ஒரு குழந்தை வீங்குகிறது (குவாஷியோர்கர்), இன்னொன்று சவலையாய் வற்றுகிறது (மராஸ்மஸ்). முன்னதற்குப் புரதக் குறைவும் பின்னதற்கு உணவுக் குறைவும் காரணம் என்பது அன்றைய நம்பிக்கை. இரு வகைக் குழந்தைகளும் உண்ட உணவில் அப்படியொரு வேறுபாடு இல்லை என்று கோபாலன் 1968-ல் எழுதினார். 1973-ல் வெளியான ஆய்வில் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்துச் செய்த, 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டுமே கொண்ட தின்பண்டத்தை நாள்தோறும் கொடுத்ததிலேயே சிறுவர்களின் எடையும் உயரமும் கூடின. விலையுயர்ந்த புரத மாவு தேவையில்லை, வயிறார உணவு கொடுத்தால் போதும் என்பது இதனால் உறுதிப்பட்டது. மறு ஆண்டே ஊட்டச்சத்து ஆய்வாளர் மெக்லாரன் ‘லான்செட்’ இதழில் புரதக் கொள்கையின் தோல்வியை அறிவித்தார்.

இவர் பெயரில் மிகப் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது ஆய்வுக்கட்டுரை அன்று, ஓர் அட்டவணை நூல். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஆய்க்ராய்ட் 1937-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலை விரிவாக்கி, ராம சாஸ்திரி, பாலசுப்ரமணியன் ஆகியோருடன் 1971-ல் கொண்டுவந்த ‘இந்திய உணவுகளின் ஊட்டச்சத்து மதிப்பு’ அது. திருத்திய பதிப்பு 1989-ல் வந்தது. 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம் என்று வார இதழ்கள் எழுதுவதும், உணவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்வதும் இந்நூலின் எண்ணைத்தான். பெரும்பாலோர் நூற்பெயரைக் குறிப்பதில்லை. குறிப்பவர்களும் கையில் கிடைத்த மறுபதிப்பின் ஆண்டையே போடுவதால், ஒரே நூலின் மேற்கோள்கள் பல ஆண்டுகளின் கீழ்ச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே மேற்கோள் எண்ணிக்கையையோ, அதை வைத்து ஆய்வாளரை மதிப்பிட 2005-ல் வந்த எச்-குறியீட்டையோ கொண்டு இவரை அளப்பது முறையாகாது.

1980-ல் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவி, அதன் செய்தியேட்டில் கொள்கைக் கட்டுரைகள் எழுதினார். உயரம் குறைந்தோரும் நலமாகவே இருக்கிறார்கள் என்ற பொருளாதார அறிஞர் செக்லரின் வாதத்தை 1983-ல் அதில்தான் மறுத்தார். ஏழைக்கு ஒரு நியாயம், செல்வனுக்கு வேறு நியாயம் என்ற அளவுகோலை ஏற்கலாகாது என்ற இவரது நிலைப்பாடே சரியானது.

2017-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 உணவுகளை மீண்டும் பகுப்பாய்வு செய்து புதிய அட்டவணை வெளியிட்டது. அதில் கேழ்வரகின் கால்சியம் 364 மில்லிகிராம்.