பிரேசிலின் ‘போல்சா ஃபாமிலியா’: ஏழைக் குடும்பங்களுக்குப் பணமாகவே உதவும் திட்டம் செயல்படும் விதம்

பிரேசிலில் ஒவ்வொரு மாதமும் கடைசிப் பத்து வேலை நாள்களில் ஏறத்தாழ 2 கோடிக் குடும்பங்களுக்கு அரசின் உதவித்தொகை சென்று சேர்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் என்பதை அக்குடும்பத்தின் சமூகப் பதிவு எண்ணின் கடைசி இலக்கம் தீர்மானிக்கிறது. வங்கிக் கிளை இல்லாத சிற்றூர்களில் லாட்டரிச் சீட்டு விற்கும் கடைகளிலேயே அட்டையைக் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அமேசான் ஆற்றோர மக்களுக்காகப் படகில் இயங்கும் வங்கிக் கிளையும் உண்டு.

‘குடும்ப உதவித்தொகை’ என்று பொருள்படும் ‘போல்சா ஃபாமிலியா’ என்பது இத்திட்டத்தின் பெயர். வளரும் நாடுகளில் வறுமை ஒழிப்புக்காகச் செயல்படுத்தப்பட்ட திட்டங்களுள் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. அரசியல் மாற்றங்களால் மிகுதியாக அலைக்கழிக்கப்பட்ட திட்டமும் இதுவே.

இரு நகரங்களில் தொடக்கம்

பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் எண்ணம் மெக்சிகோவில் பிறந்ததாக எழுதப்படுவதுண்டு. காலவரிசை அதற்கு முழுமையாக இடம் தரவில்லை. பொருளாதார அறிஞர் சாந்தியாகோ லெவியின் வடிவமைப்பில் மெக்சிகோவின் ‘புரோக்ரெசா’ திட்டம் 1997-இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1995-இல், பிரேசிலின் கம்பினாஸ் மாநகராட்சியும், கிறிஸ்தோவம் புவார்க்கே ஆளுநராக இருந்த தலைநகர் பிரேசிலியா வட்டாரமும் இத்தகைய உதவித்தொகையை வழங்கத் தொடங்கிவிட்டன. மெக்சிகோவின் தனிச்சிறப்பு வேறொன்று. 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முதலிலும் மற்றதற்குப் பின்னரும் உதவியை வழங்கி, விளைவை அந்நாடு அளந்து காட்டியது. அந்த ஆய்வு முடிவுகளே பிற நாடுகளை இவ்வழியில் திருப்பின.

பிரேசிலில் அதிபர் ஃபெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோ 2001-இல் பள்ளி உதவித்தொகையை நாடு முழுவதற்கும் விரிவாக்கினார். ஊட்டச்சத்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் தனித்தனி உதவிகள் தோன்றின. ஒரே குடும்பம் வெவ்வேறு அமைச்சகங்களின் வெவ்வேறு பட்டியல்களில் இடம்பெறும் நிலையும், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் விடுபடும் நிலையும் உருவாயின. 2003-இல் பொறுப்பேற்ற அதிபர் லூலா ட சில்வா, அவ்வாண்டு அக்டோபரில் இவற்றை ஒன்றிணைத்தார். 2004 ஜனவரியில் அது சட்டமாயிற்று.

தொடக்கத்தில் வழங்கப்பட்ட தொகை மிகச் சிறியது. தலைக்கு மாத வருவாய் 50 ரெயாலுக்கு உட்பட்ட குடும்பத்துக்கு 50 ரெயால், ஒரு பிள்ளைக்கு 15 ரெயால் வீதம் மூன்று பிள்ளைகள் வரை என்பதே கணக்கு. ஆக உயர்ந்த தொகை 95 ரெயால். ஆனால் பயனடைந்தோர் எண்ணிக்கை வேகமாக வளர்ந்தது. 2003 இறுதியில் 36 லட்சமாக இருந்த குடும்பங்கள் 2006-இல் 1.1 கோடியாகவும், அடுத்த பத்தாண்டின் நடுவில் ஏறத்தாழ 1.4 கோடியாகவும் உயர்ந்தன. அப்போதும் திட்டச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் அரை விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

பதிவேடும் நிபந்தனைகளும்

திட்டத்தின் முதுகெலும்பு ‘ஒற்றைப் பதிவேடு’ ஆகும். நாட்டிலுள்ள 5,571 நகராட்சிகளின் சமூக உதவி மையங்கள் ஏழைக் குடும்பங்களைப் பதிவு செய்கின்றன. வருவாயைக் குடும்பமே அறிவிக்கிறது; மத்திய அரசு அதனைத் தொழிலாளர் மற்றும் ஓய்வூதியத் தரவுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்வது நகராட்சி, தகுதியை முடிவு செய்வது மத்திய அரசு, பணம் வழங்குவது அரசுடைமை வங்கியான ‘காய்ஷா’. இப்பிரிவினை, உள்ளூர் அரசியல்வாதிகள் தங்களுக்கு வேண்டியவர்களைப் பட்டியலில் சேர்க்கும் வழக்கத்துக்குக் கணிசமான தடையாக அமைந்தது. அட்டைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பெண்களின் பெயரில் இருந்துள்ளன.

பணத்தைப் பெறும் குடும்பம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். கருவுற்ற பெண்கள் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆறு முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 85 விழுக்காடு வருகைப் பதிவு நீண்ட காலம் கட்டாயமாக இருந்தது. இப்போது நான்கு, ஐந்து வயதினருக்கு 60 விழுக்காடும், அடிப்படைக் கல்வியை முடிக்காத ஆறு முதல் 18 வயதினருக்கு 75 விழுக்காடும் போதுமானவை.

நிபந்தனை மீறப்பட்டால் பணம் உடனே நிறுத்தப்படுவதில்லை. முதலில் எச்சரிக்கை, பின்னர் தற்காலிகத் தடை, அதன்பின் இடைநிறுத்தம், இறுதியிலேயே நீக்கம். இடையில் சமூகப் பணியாளர் குடும்பத்தைச் சந்திக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராதது நோயாலா, வேலைக்கு அனுப்பப்பட்டதாலா, வீட்டில் வன்முறையாலா என்பதைக் கண்டறிய உதவும் முன்னறிவிப்பாகவே வருகைப் பதிவு பயன்பட வேண்டும் என்பது இதன் நோக்கம். எல்லா நகராட்சிகளிலும் அதற்குப் போதிய பணியாளர்கள் இருப்பதில்லை என்பதும் உண்மை.

அளவிடப்பட்ட பயன்கள்

திட்டத்தின் வலுவான சான்று குழந்தைகளின் உயிர் தொடர்பானது. ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2013-இல் வெளியான ஆய்வு, திட்டம் பரவலாகச் சென்றடைந்த நகராட்சிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 17 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டது. ஊட்டச்சத்துக் குறைவால் நேரும் இறப்பு 65 விழுக்காடும், வயிற்றுப்போக்கால் நேரும் இறப்பு 53 விழுக்காடும் குறைந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2014-இல் பிரேசிலைப் பசி வரைபடத்திலிருந்து நீக்கியது.

எனினும், 2000-களில் பிரேசிலில் வறுமை குறைந்ததன் பெருமை முழுவதையும் இத்திட்டத்துக்கே அளிப்பது பொருந்தாது. அக்காலத்தில் குறைந்தபட்ச ஊதியம் தொடர்ந்து உயர்ந்தது. முறைசார் வேலைகள் பெருகின. ஊரக முதியோர் ஓய்வூதியமும், 65 வயது கடந்த ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு மாதக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையாக வழங்கப்படும் உதவியும், ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் போல்சா ஃபாமிலியா தொகையைவிடப் பன்மடங்கு பெரியவை. வருவாய் ஏற்றத்தாழ்வு குறைந்ததில் இத்திட்டத்தின் பங்கு சுமார் ஆறில் ஒன்று என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால் அதுவும் சிறிய பங்கன்று.

இலவசமாகப் பணம் கொடுத்தால் மக்கள் உழைக்க மாட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பிரேசிலிலும் இடைவிடாது ஒலித்து வருகிறது. பெரியவர்கள் உழைப்பிலிருந்து பெருமளவில் விலகியதாக ஆய்வுகள் காட்டவில்லை. 2005-இல் இத்திட்டத்தின் கீழ் இருந்த 7 முதல் 16 வயதுப் பிள்ளைகளை 2019-இல் தேடிப் பார்த்த ஓர் ஆய்வில், மூன்றில் இரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் ஒற்றைப் பதிவேட்டிலிருந்தே வெளியேறியிருந்தனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மட்டுமே இன்னமும் உதவி பெற்றுவந்தார். பதிவேட்டிலிருந்து வெளியேறிய அனைவரும் வறுமையிலிருந்தும் வெளியேறிவிட்டனர் என்று இதனைக் கொள்ள இயலாது. ஆயினும் உதவி தலைமுறை தலைமுறையாகத் தொற்றிக்கொள்ளும் என்ற வாதம் இதன் முன் நிற்பது கடினம்.

உரிமையா, ஒதுக்கீடா?

திட்டத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. தகுதியுள்ள குடும்பம் கேட்டவுடன் பெறக்கூடிய உரிமையாக அது அமையவில்லை. நிதிநிலை அறிக்கையில் பணம் இருக்கும் வரையே புதியவர்களுக்கு இடமிருந்தது. பொருளாதாரம் தளர்ந்து ஏழைகள் பெருகிய காலத்திலேயே அரசின் வருவாயும் சுருங்கியது. அதன் விளைவாக, 2020 தொடக்கத்தில் தகுதியுள்ள 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காத்திருப்போர் வரிசையில் நின்றன. பாதுகாப்பு வலை மிகவும் தேவைப்பட்ட வேளையில் அதன் கதவு மூடியிருந்தது.

அப்போதுதான் கொரோனா பெருந்தொற்று வந்தது. அதிபர் ஜயிர் போல்சனாரோவின் அரசு மாதம் 200 ரெயால் வழங்க முன்வந்தது. நாடாளுமன்றத்தின் அழுத்தத்தால் அது 600 ரெயாலாக உயர்ந்தது. 2020 ஏப்ரலில் தொடங்கிய இந்த அவசரகால உதவியை 6.5 கோடிக்கும் அதிகமானோர் பெற்றனர். அவர்களில் பல கோடிப் பேர் அதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத முறைசாராத் தொழிலாளர்கள். அவ்வாண்டில் பெருந்தொற்றுக்கு இடையிலும் வறுமை குறைந்தது. உதவி பாதியாகி, பின்னர் சில மாதங்கள் நின்றுபோனதும், 2021-இல் மக்கள்தொகையில் 29.4 விழுக்காட்டினர், அதாவது 6.25 கோடிப் பேர், வறுமையில் இருந்ததாக அந்நாட்டின் புள்ளியியல் நிறுவனம் கணக்கிட்டது. பசி வரைபடத்திலும் பிரேசில் மீண்டும் இடம்பெற்றது.

போல்சனாரோ அரசு 2021 நவம்பரில் திட்டத்தின் பெயரை ‘அவுக்சிலியோ பிரேசில்’ என மாற்றியது. குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே குறைந்தபட்சத் தொகை என்ற விதி எதிர்பாராத விளைவைத் தந்தது: ஒரே ஒருவரைக் கொண்ட ‘குடும்பங்கள்’ பதிவேட்டில் திடீரெனப் பெருகின. நீண்ட காலம் கட்டிக் காத்த பதிவேட்டின் நம்பகத்தன்மை ஓராண்டுக்குள் குலைந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில், அடிப்படை வருவாய் குறித்த 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடும் வறுமையில் உள்ளோருக்கேனும் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. டிசம்பரில், நலிவுற்ற நிலையில் உள்ள ஒவ்வொரு பிரேசில் குடிமகனுக்கும் அடிப்படைக் குடும்ப வருவாய்க்கு உரிமை உண்டு என்ற வாசகம் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது.

மீண்டும் அதிபரான லூலா, 2023 மார்ச்சில் பழைய பெயரிலேயே திட்டத்தைப் புதுப்பித்தார். தலைக்கு மாத வருவாய் 218 ரெயாலுக்கு உட்பட்ட குடும்பங்களுக்குக் குறைந்தது 600 ரெயால் வழங்கப்படுகிறது. இந்திய மதிப்பில் இது சுமார் 9,000 முதல் 10,000 ரூபாய். ஆறு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் கூடுதலாக 150 ரெயாலும், மூத்த பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் 50 ரெயாலும் உண்டு. செலவு மொத்த உற்பத்தி மதிப்பில் ஒன்றரை விழுக்காட்டை நெருங்கியது. 2023-இல் கடும் வறுமை 4.4 விழுக்காடாகக் குறைந்தது. சமூக உதவிகள் இல்லையெனில் அது 11.2 விழுக்காடாக இருந்திருக்கும் என்பது புள்ளியியல் நிறுவனத்தின் கணக்கு. 2025 ஜூலையில் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் இரண்டாம் முறை நீங்கியது.

இந்தியாவுடன் ஒப்பீடு

இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வகைகளில் இதனுடன் ஒப்பிடத்தக்கது. குடும்ப அட்டையில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என அச்சட்டமும் வரையறுக்கிறது. பிரேசிலில் நெடுங்காலம் இல்லாத சட்டப்பூர்வ உரிமையை அது தொடக்கத்திலேயே அளித்தது. ஆனால் பயனாளிகளின் உச்சவரம்பான சுமார் 81 கோடி என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. பிரேசில் பதிவேடு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது, இந்தியாவில் இடைப்பட்ட காலத்தில் பெருகிய மக்கள்தொகை அந்த வரம்பில் இடம்பெறவில்லை. தமிழ்நாடு, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் 2023 முதல் நடைமுறைக்கு வந்த மகளிர் உதவித்தொகைத் திட்டங்கள் பள்ளி வருகை, தடுப்பூசி போன்ற நிபந்தனைகள் இன்றிப் பணம் வழங்குகின்றன. 2024 நவம்பரில் ரியோ டி ஜெனிரோ ஜி20 மாநாட்டில் பிரேசில் தொடங்கிய பசி மற்றும் வறுமைக்கு எதிரான உலகக் கூட்டணியில் இந்தியாவும் உறுப்பினர்.

பிரேசிலில் இப்போதைய விவாதங்கள் இரண்டைச் சுற்றி நிகழ்கின்றன. ஒன்று, இணையவழிச் சூதாட்டம். 2024 ஆகஸ்டில் மட்டும் போல்சா ஃபாமிலியா பெறும் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 50 லட்சம் பேர் பந்தய நிறுவனங்களுக்கு 300 கோடி ரெயால் அனுப்பியதாக அந்நாட்டு மத்திய வங்கி தெரிவித்தது. மற்றொன்று, வேலை கிடைத்தவர்களின் நிலை. வருவாய் வரம்பைக் கடந்த குடும்பத்துக்கு உடனே உதவியை நிறுத்தாமல், இரண்டு ஆண்டுகள் வரை பாதித் தொகையைத் தொடரும் விதி 2023-இல் சேர்க்கப்பட்டது. முறைசார் வேலையை ஏற்றால் உதவி போய்விடும் என்ற அச்சத்தைக் களைவதே அதன் நோக்கம். 2025 ஜூன் முதல் புதிதாக இவ்விதியின் கீழ் வருவோருக்கு அந்தக் காலம் ஓராண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது.