அலெக்சாண்டர் போபோவ்

அலெக்சாண்டர் போபோவ் (பிறப்பு: 16 நவம்பர் 1971) ரஷ்ய நீச்சல் வீரர். குறுந்தூர ஃப்ரீஸ்டைல் போட்டிகளில் 1990களை ஆண்டவர். ஒலிம்பிக்கில் நான்கு தங்கமும் ஐந்து வெள்ளியும் வென்றார்.

சோவியத் காலத்தில் வெளியார் நுழைய முடியாத அணு ஆயுதத் தொழில் நகரமாக இருந்த ஸ்வெர்ட்லோவ்ஸ்க்-45 (இன்றைய லெஸ்னோய்) இவர் பிறந்த ஊர். எட்டு வயதில் நீச்சல் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டபோது தண்ணீரைக் கண்டாலே பயம். தொடக்கத்தில் மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்தான் பழகினார். 1990இல் பயிற்சியாளர் கென்னடி துரெட்ஸ்கியிடம் வந்த பிறகே ஃப்ரீஸ்டைலுக்கு மாறினார்.

அந்த மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். 50 மீட்டர் போட்டி இருபத்திரண்டு விநாடிகளில் முடிந்துவிடும். அதனால் கைகளை எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுழற்றுவதே பலரின் வழக்கம். துரெட்ஸ்கியோ தண்ணீரின் எதிர்ப்பைக் குறைப்பதில் கருத்தாக இருந்தார். போபோவ் இடுப்பிலிருந்து உடலைப் பக்கவாட்டில் உருட்டி, கையை நெடுக முன்னே நீட்டி, நிதானமாக இழுப்பார். தண்ணீர் அதிகம் தெறிக்காது. பக்கத்துத் தடங்களில் நுரை பொங்கும்போது இவர் மட்டும் அவசரமில்லாமல் நீந்துவதுபோல் தோன்றும். கடைசி மீட்டர்களில் முந்திவிடுவார். ரசிகர்கள் இவரிடம் மயங்கியது இந்த அழகில்தான்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், முன்னாள் சோவியத் குடியரசுகளின் ஒருங்கிணைந்த அணிக்காக 50, 100 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். இரண்டிலும் நடப்பு வெற்றியாளராக இருந்த அமெரிக்கரான மேட் பியோண்டி இரண்டையும் இழந்தார். அடுத்த ஆண்டு துரெட்ஸ்கி ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குச் செல்ல, போபோவும் உடன் சென்றார். 1994இல் மான்டே கார்லோவில் 100 மீட்டரை 48.21 விநாடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார். ஆறாண்டு நிலைத்த அதை 2000இல் முறியடித்தவர் துரெட்ஸ்கியின் இன்னொரு மாணவரான மைக்கேல் கிளிம்.

1996 அட்லாண்டாவில் கேரி ஹால் ஜூனியரை வென்று இரு தங்கங்களையும் தக்கவைத்தார். 1924, 1928 ஒலிம்பிக்குகளில் வென்ற ஜானி வைஸ்முல்லருக்குப் பிறகு 100 மீட்டர் பட்டத்தைத் தக்கவைத்த முதல் ஆண் இவரே.

அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோ தெருவில் தர்பூசணி வியாபாரிகளுடன் ஏற்பட்ட தகராறில் இவர் வயிற்றில் கத்திக்குத்து விழுந்தது. தமனி அறுபட்டது, சிறுநீரகத்திலும் காயம். உடனடி அறுவை சிகிச்சையால் உயிர் பிழைத்தார். நீச்சல் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்திருந்தாலும் தவறில்லை. ஆனால் அடுத்த ஆண்டே செவிலில் நடந்த ஐரோப்பியப் போட்டிகளில் 50, 100 மீட்டர் தங்கங்கள் மீண்டும் இவருக்கே. ஒலிம்பிக் தங்கங்களைவிட இதையே பெரிதாகச் சொல்ல வேண்டும்.

2000 ஜூனில் மாஸ்கோவில் 50 மீட்டரை 21.64 விநாடிகளில் நீந்தி உலக சாதனை படைத்தார். சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் நெதர்லாந்தின் பீட்டர் வான் டென் ஹூகன்பாண்டிடம் தோற்று வெள்ளி பெற்றார். 2003இல் அதே பார்சிலோனாவில் நடந்த உலகப் போட்டியில், 31 வயதில், 50, 100 மீட்டர் தங்கங்களோடு தொடர் நீச்சல் தங்கத்தையும் வென்றார். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றை எட்டவில்லை. 2005 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

1999 முதல் 2016 வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் உறுப்பினராக இருந்தார். இவரது 50 மீட்டர் சாதனை 2008 வரை முறியடிக்கப்படவில்லை.