இருபத்தொன்பது தானத்துப் பேரெண்

கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தில், மனித கதியைக் கூறுமிடத்தில் ஒரு பிராகிருதக் காதை உண்டு. பொருள் தேடிப் படிப்போர்க்கு அது தொடர்பற்ற சொற்கோவையாகவே தோன்றும். உண்மையில் அது ஓர் எண். பர்யாப்த மனிதர்களின் தொகையாகிய 79228162514264337593543950336 என்பதை, சாவுண்டராயரின் ஆசிரியரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் 10ஆம் நூற்றாண்டில் எழுத்துகளாக்கிப் பொதிந்து வைத்தார்.

இவ்வெண் பிறக்கும் வழி எளிது. இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. பின்னர் 256, 65536. ஐந்தாம் வர்க்கம் 4294967296. இதன் கனமே மேற்கூறிய எண். ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கமாகிய 18446744073709551616 ஆல் பெருக்கினாலும் அதுவே வரும். சுவேதாம்பரர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரம் இந்த இரண்டாம் வழியைக் கூறுகிறது. பலவற்றில் வேறுபடும் இரு மரபுகளும் இவ்வெண்ணில் ஓர் இலக்கமும் பிசகாமல் ஒன்றுபடுகின்றன!

இதனை 96 முறை பாதியாக்கினால் 1 எஞ்சும். அவ்வாறு பாதியாக்கும் முறைகளின் எண்ணிக்கையே அர்த்தச்சேதம். 9ஆம் நூற்றாண்டில் தவளையுரை வகுத்த வீரசேனாசாரியர் இதனைத் தேர்ந்த கருவியாகக் கையாண்டார். பெருக்கற்பலனின் அர்த்தச்சேதம், பெருக்கப்பட்டவற்றின் அர்த்தச்சேதங்களது கூட்டுத்தொகை. எனவே 32உம் 64உம் சேர்ந்து 96. இன்றைய கணிதம் இதனை இரண்டடி மடக்கை என்னும். நேப்பியர் தம் மடக்கை நூலை வெளியிட்டது 1614இல். அவர் நம்மிடம் கற்றார் என்று சொல்ல ஆதாரமில்லை, சொல்லவும் வேண்டுவதில்லை. இவ்வெண்ணை இன்றைய மக்கள்தொகையோடு ஒப்பிட்டு வாதிடுவதிலும் எனக்கு ஈடுபாடில்லை. ஆகமம் சொல்வது இரண்டரைத் தீவின் மனிதரை.

எழுத்தாக்கிய முறை கடபயாதி. ககரம், டகரம், பகரம், யகரம் ஆகியவற்றிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணிச் செல்லவேண்டும், உயிர்க்குறிகளைக் கருதவேண்டா. காதையின் முதலெழுத்து ஒன்றாம் தானம். முதல் மூன்று எழுத்துகளாகிய த, ல, லீ என்பவை 6, 3, 3. எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 336 ஆதல் காண்க. இறுதி எழுத்தாகிய ஸகரம் 7. எண் தொடங்குவதும் 7இல்தான்.

இங்கேதான் தமிழர்க்கு இடர். வடமொழியின் நான்கு தகரங்கள் 6, 7, 8, 9 என நான்கு எண்களைக் குறிப்பன. தமிழெழுத்தில் நான்கும் ஒரே தகரம். வர்க்கக் குறியின்றி அக்காதையைத் தமிழில் அச்சிட்டால் ஓசை ஓரளவு நிற்கும், எண் அழிந்துபோம். கிரந்தம் படிக்கத் தெரிந்த பெரியோர் அருகிவரும் இக்காலத்தில், காதையைப் பதிப்பிப்போர் எழுத்துகளின் மேல் 1, 2, 3, 4 என்னும் குறிகளையேனும் இடுதல் கடமை.

பதிப்பு சரியா எனச் சோதிக்க ஒரு வழியுண்டு. இலக்கங்கள் இருபத்தொன்பதையும் கூட்டினால் 127. அதை 9ஆல் வகுத்தால் மீதி 1. ஆறு இரண்டுகளின் பெருக்கம் 64. அதற்கும் மீதி 1. 96 ஆறின் மடங்காதலின் பேரெண்ணுக்கும் மீதி 1 வந்தே தீரவேண்டும். ஆனால் இரண்டு எழுத்துகள் இடம்மாறியிருந்தால் இச்சோதனை காட்டாது. அதற்கு 96 முறை பாதியாக்கிப் பார்க்கவேண்டும். பொறுமையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறைப் பிற்பகல் போதும்.