காரின் கண்ணாடியில் ஒரு விலைச்சீட்டு

அமெரிக்காவில் சட்டை வாங்கப் போகிறவர் பேரம் பேசுவதில்லை. சீட்டில் உள்ள விலையைப் பார்ப்பார், பணத்தைக் கொடுப்பார், கிளம்பிவிடுவார். அதே மனிதர் புதிய கார் வாங்கப் போனால் மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருக்கிறது. அதே நாளில், அதே கடையில், அதே காரை வாங்கிய இன்னொருவர் என்ன விலை கொடுத்தார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது!

நியூயார்க், பிலடெல்பியா போன்ற நகரங்களின் பெரிய கடைகள் 19-ம் நூற்றாண்டிலேயே "எல்லோருக்கும் ஒரே விலை" என்ற முறைக்கு மாறிவிட்டன. அதன்பின் வந்த கார் மட்டும் ஏன் பழைய சந்தை முறையில் சிக்கிக்கொண்டது? அதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. அந்தக் கதையில் ஒரு செனட்டர், ஒரு சட்டப் பேராசிரியர், பல ஆயிரம் டீலர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

பழைய கார் கொண்டு வந்த குழப்பம்

1908-ல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 850 டாலர் விலையில் அறிமுகமானது. உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கியது. 1925-ல் அதன் மிக மலிவான வகை 260 டாலருக்குக் கிடைத்தது. நிறுவனம் விலையை அறிவிக்கும், டீலர் அந்த விலைக்கு விற்பார். முதல் கார் வாங்குபவரிடம் பேரம் பேச அதிகம் ஒன்றும் இல்லை.

ஆனால் 1920-களில் நிலைமை மாறியது. கார் வாங்க வருகிறவர்களில் பலரிடம் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. "இதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடு" என்று கேட்டார்கள். இப்போது 'எக்ஸ்சேஞ்ச்' என்று சொல்கிறோமே, அதுதான். புதிய காருக்கு நிறுவனம் விலை வைக்கலாம். பழைய காருக்கு யார் விலை வைப்பது? தெருவில் "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவி வருபவரிடம் பழைய அண்டாவைக் கொடுத்தால் எத்தனை பழம் என்பது அந்த நிமிடப் பேச்சைப் பொறுத்தது. பழைய காரின் கதையும் அதுவே.

இதோடு தவணை முறையும் சேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கார் வாங்கக் கடன் கொடுப்பதற்கென்றே 1919-ல் தனி நிறுவனம் தொடங்கியது. இப்படியாக ஒரே மேசையில் மூன்று பேரங்கள் வந்து சேர்ந்தன. புதிய காரின் விலை, பழைய காரின் மதிப்பு, மாதத் தவணை. ஒன்றில் விட்டுக்கொடுப்பதுபோல் காட்டி இன்னொன்றில் எடுத்துவிடும் வித்தைக்கு வழி பிறந்தது இங்கேதான்.

கூட்டி வைத்துக் குறைக்கும் கலை

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1945-ல் மீண்டும் தொடங்கியபோது கார் கிடைத்தால் போதும் என்று மக்கள் வரிசையில் நின்றார்கள். டீலர் சொன்னதே விலை!

1950-களின் தொடக்கத்தில் இது தலைகீழானது. ஃபோர்டும் செவ்ரலேயும் யார் அதிகம் விற்பது என்று போட்டி போட்டன. தேவைக்கு மேல் கார்கள் டீலர்களின் தலையில் கட்டப்பட்டன. அவற்றைத் தள்ளிவிட டீலர்கள் கண்ட வழிகளில் ஒன்றுக்கு அங்கே 'பேக்' என்று பெயர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு புதிய காரின் நியாயமான விலை 2,500 டாலர். வாடிக்கையாளரின் பழைய காரின் மதிப்பு 300 டாலர். டீலர் புதிய காருக்கு 3,000 டாலர் என்று சொல்வார். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். உடனே, "உங்கள் பழைய காருக்கு 800 டாலர் தருகிறேன்" என்பார். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவார். நியாயமான கணக்கிலும் அவர் கொடுக்க வேண்டியது 2,200 டாலர்தான், இந்தக் கணக்கிலும் 2,200 டாலர்தான். "லாபம்" கிடைத்ததாக எண்ணி வீடு திரும்புவார். 800-க்குப் பதில் 600 மட்டும் கொடுத்திருந்தாலும் அவர் சந்தோஷமாகவே போயிருப்பார். 200 டாலர் இழந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

உண்மையான விலையைச் சொன்ன டீலர்களுக்கும் இதில் நஷ்டம்தான். பழைய காருக்கு 300 டாலர் என்று நேர்மையாகச் சொன்னவரை விட்டுவிட்டு 600 தருகிறேன் என்றவரிடம் மக்கள் ஓடினார்கள்.

செனட்டர் மன்ரோனி

ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் மைக் மன்ரோனி இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். கார் விற்பனை முறைகளை ஆராயும் செனட் துணைக் குழுவுக்குத் தலைமை தாங்கி விசாரணைகள் நடத்தினார். அதன் விளைவாக உருவான சட்டத்தில் 1958 ஜூலை 7 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். 1959-ம் ஆண்டு மாடல்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சொன்னது எளிமையானது. ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் தயாரிப்பாளர் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். காரின் அடையாள எண், எங்கே பூட்டப்பட்டது, எந்த டீலருக்குப் போகிறது, அடிப்படை விலை, கூடுதல் வசதிகள் ஒவ்வொன்றின் விலை, கொண்டு வரும் செலவு, மொத்தம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். காரை வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும் முன் அதைக் கிழித்தாலோ மாற்றினாலோ 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்! இன்றும் அமெரிக்காவில் அந்தச் சீட்டை 'மன்ரோனி ஸ்டிக்கர்' என்றே அழைக்கிறார்கள். பிற்காலத்தில் எரிபொருள் சிக்கனம், மோதல் சோதனை மதிப்பெண் ஆகியவையும் அதில் சேர்ந்தன.

ஆனால் சட்டம் ஒன்றைச் செய்யவில்லை. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. சீட்டில் இருப்பது தயாரிப்பாளர் "பரிந்துரைக்கும்" விலை மட்டுமே. கடைக்காரர் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கட்டாயப்படுத்துவதை அன்றைய அமெரிக்கப் போட்டிச் சட்டம் தடை செய்திருந்தது. ஆகவே பேரம் ஒழியவில்லை. எங்கிருந்து பேரம் தொடங்குகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

சீட்டில் இல்லாத எண்

பேரத்தில் தொடக்கத்தைவிட முக்கியமானது அடி. டீலர் எதற்குக் கீழே இறங்க மாட்டார் என்ற எண் அது. அந்த எண் சீட்டில் இல்லை.

டீலர் தயாரிப்பாளருக்குக் கொடுக்கும் விலைக்கு 'இன்வாய்ஸ் விலை' என்று பெயர். 1966-ல் தொடங்கிய எட்மண்ட்ஸ் என்ற பதிப்பகம் இப்படிப்பட்ட விலை விவரங்களைச் சிறு புத்தகங்களாக வெளியிட்டு வந்தது. அதைப் படித்துவிட்டுப் போனவர் சீட்டு விலையிலிருந்து கீழே இறங்காமல், இன்வாய்ஸ் விலையிலிருந்து மேலே ஏறிப் பேரம் பேசினார். இன்வாய்ஸ்கூட உண்மையான அடி அல்ல. கார் விற்ற பிறகு பல நிறுவனங்கள் விலையில் சுமார் 2 முதல் 3 சதவீதத்தை டீலருக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. 'ஹோல்ட்பேக்' என்பது அதன் பெயர். "எனக்கு விழுந்த விலைக்கே தருகிறேன்" என்று டீலர் இன்வாய்ஸைக் காட்டிச் சத்தியம் செய்யும்போதும் அவர் பையில் கொஞ்சம் லாபம் இருக்கிறது.

விற்பனையாளர்களிடமும் ஓர் ஆயுதம் இருந்தது. ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்து, கார் விலை, பழைய கார் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை என்று எழுதிக்கொள்வார்கள். வாடிக்கையாளர் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறாரோ அதில் விட்டுக்கொடுத்து, பார்க்காத கட்டத்தில் ஏற்றிவிடுவார்கள். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் பெரும்பாலும் தோற்றுவிடுவார். ஏனென்றால் மாதங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் எந்த விலையும் சிறியதாகத் தெரியும்.

சிகாகோ சோதனை

இதுவரை பார்த்தது விவரம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு. இருவருக்கும் ஒரே அளவு தெரிந்திருந்தால் விலையும் ஒன்றாக இருக்குமா?

இயன் ஏர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அளவு படிப்பு, ஒரே மாதிரி உடை உள்ளவர்களைச் சிகாகோ பகுதி ஷோரூம்களுக்கு அனுப்பினார். ஒரே வகைக் கார், ஒரே பேர முறை, சொல்லிக் கொடுத்த ஒரே வசனங்கள். வேறுபட்டவை இரண்டுதான். தோலின் நிறம், ஆணா பெண்ணா என்பது.

1991-ல் வெளியான முடிவு பலரை அதிர வைத்தது. கடைசியாகச் சொல்லப்பட்ட விலையில் டீலருக்குக் கிடைக்கும் சராசரி லாபம், வெள்ளை ஆணிடம் 362 டாலர். வெள்ளைப் பெண்ணிடம் 504. கறுப்பின ஆணிடம் 783. கறுப்பினப் பெண்ணிடம் 1,237 டாலர்! மூன்று மடங்குக்கும் மேல். இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. ஒருவரிடம் பேச அவருடைய இனத்தையும் பாலினத்தையும் சேர்ந்த விற்பனையாளரே அதிகமாக வந்தார். அவரிடமும் சலுகை கிடைக்கவில்லை, விலை இன்னும் மோசமாகவே இருந்தது.

300-க்கும் மேற்பட்ட பேரங்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வை ஏர்ஸும் பீட்டர் சீகல்மனும் 1995-ல் வெளியிட்டார்கள். அதில் மிக அதிக விலை கறுப்பின ஆண்களுக்குச் சொல்லப்பட்டது. வெள்ளை ஆண்களுக்கே இந்த முறையும் மிகக் குறைந்த விலை.

எல்லோரும் ஒரே வசனம்தான் பேசினார்கள். ஆனால் "இவருக்கு விவரம் தெரியாது", "இவர் நாலு கடை ஏறி இறங்க மாட்டார்" என்று விற்பனையாளர் முகத்தைப் பார்த்தே முடிவு செய்திருந்தால், அந்த ஊகமே விலையாகிவிடும். பேரம் பேசத் தெரிந்தவன் பிழைப்பான் என்று சொல்வது எளிது. பேசத் தொடங்கும் முன்பே விலை கூடிவிட்டால் வாய்ச் சாமர்த்தியம் எந்த அளவுக்கு உதவும்?

முகம் தெரியாத வாடிக்கையாளர்

1995-ல் தொடங்கிய ஆட்டோபைடெல் என்ற இணையச் சேவை ஒரு புதிய வழியைத் திறந்தது. வேண்டிய காரை இணையத்தில் குறிப்பிட்டால், அருகிலுள்ள ஒரு டீலர் தொடர்புகொண்டு விலை சொல்வார். வாங்குபவரின் முகம் டீலருக்குத் தெரியாது.

ஃபியோனா ஸ்காட் மார்ட்டன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நேரில் வாங்கியபோது கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் மற்றவர்களைவிடச் சுமார் 2 சதவீதம் அதிகம் கொடுத்திருந்தார்கள். வருமானம், படிப்பு, பல கடைகளில் விசாரிக்க முடியாத நிலை ஆகியவை இதில் பெரும்பகுதிக்குக் காரணம். இணையம் வழியாக வாங்கியபோது இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நேருக்கு நேர் பேரத்தில் பின்தங்கியவர்களுக்கே இணையம் அதிகம் உதவியது.

பேரமே வேண்டாம் என்றால்?

ஒரே விலை முறையையும் சிலர் முயன்று பார்த்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1990-ல் விற்பனைக்குக் கொண்டு வந்த சாட்டர்ன் கார்கள் "பேரம் கிடையாது" என்ற கொள்கையோடு விற்கப்பட்டன. வாடிக்கையாளர்கள் விரும்பினார்கள். ஆனால் நிறுவனம் நெருக்கடியில் சிக்கியபோது அந்தப் பிராண்ட் 2010-ல் மூடப்பட்டது.

டெஸ்லா நிறுவனம் டீலரே இல்லாமல் தானே அறிவித்த விலைக்கு விற்கிறது. அங்கே ஆளுக்கு ஒரு விலை இல்லை. ஆனால் நாளுக்கு ஒரு விலை இருக்கலாம்! 2023 ஜனவரியில் சில மாடல்களின் விலை ஒரே இரவில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. முந்தைய வாரம் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள்.

2021-ல் சிப் தட்டுப்பாட்டால் கார்கள் குறைந்தபோது, மன்ரோனி சீட்டுக்குப் பக்கத்தில் டீலர்கள் இன்னொரு சீட்டு ஒட்டினார்கள். சந்தை நிலவரத்துக்கான கூடுதல் தொகை என்று அதில் எழுதியிருந்தது. பரிந்துரை விலை வெறும் பரிந்துரைதான் என்பது 1945-க்குப் பிறகு மீண்டும் ஒருமுறை நிரூபணமானது. கார் விற்பனையில் ஏமாற்று வேலைகளைத் தடுக்க அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் புதிய விதிகளை அறிவித்தது. டீலர்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. விதிகளை உருவாக்கிய நடைமுறையில் தவறு இருப்பதாகச் சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அவற்றை ரத்து செய்தது.

கதை சொல்லும் பாடம்

காரை வாங்குபவருக்கு இந்த வரலாறு சில வழிகளைக் காட்டுகிறது. புதிய காரின் விலையை முதலில் தனியாக முடிக்க வேண்டும். பழைய காரைப் பற்றியும் தவணையைப் பற்றியும் அதற்குப் பிறகே பேச வேண்டும். இரண்டு மூன்று டீலர்களிடம் எழுத்தில் விலை வாங்க வேண்டும். கடனுக்கு வட்டி என்ன என்று வங்கியில் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

ஆனால் எல்லாச் சுமையையும் வாங்குபவர் தலையில் வைப்பது நியாயமாகாது. அவரவர் சாமர்த்தியம் என்று விட்டுவிட்ட காலத்தில், கூடுதல் விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தச் சுமையைத் தாங்க முடியாதவர்கள்தான். 1958-ல் கண்ணாடியில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம் பேரத்தை ஒழிக்கவில்லை. ஆனால் டீலருக்கு மட்டும் தெரிந்திருந்த ஓர் எண்ணைத் தெருவில் போகிறவரும் படிக்கும்படி செய்தது. அடுத்து வெளிச்சத்துக்கு வர வேண்டியது, பக்கத்து நாற்காலிக்காரர் கொடுத்த விலை!