கணக்கேட்டில் நம் பெயர்

கோலாலம்பூரை ஒட்டிக் கிழக்கே விளங்கும் அம்பாங், ஒரு தலைக்கணக்கோடுதான் வரலாற்றில் புகுந்தது. 1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா என்பார், ஈயம் தோண்டும் பொருட்டு 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே இவ்விடத்துக்கு அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் காட்டுக் காய்ச்சலுக்கு இரையானோர் போக, எஞ்சியவர் 18 பேரே என்று வரலாற்று நூல்கள் கூறும். மாண்டவர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். அவர்தம் பெயர்களை அறியோம். முதலிட்டவருக்குத் தேவைப்பட்டது ஆள் எண்ணிக்கை, ஆளின் பெயரன்று.

மனிதரை எண்ணுதல் எளிய காரியம்போல் தோன்றும். ஆயினும், எண்ணுபவர் யார், எந்தப் பெயரிட்டு எண்ணுகிறார், எதன் பொருட்டு எண்ணுகிறார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய மாத்திரத்தில், கணக்கேடு வெறும் கணக்கேடன்று, அது ஓர் அரசியல் ஏடு என்பது விளங்கும். இந்நாட்டுக் குடிக்கணக்கில் தமிழர் பெயர் பட்ட பாட்டைச் சிறிது ஆராய்வோம்.

1871-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் எடுக்கப்பட்ட கணக்கில் மக்கட் பிரிவுகள் பெரும்பாலும் அகர வரிசைப்படியே அடுக்கப்பட்டிருந்தன. அங்கே நம்மவருக்கு வாய்த்த பெயர் ‘கிளிங்’ என்பது. கலிங்க நாட்டின் பெயரினின்று பிறந்து, பின்னாளில் இழிசொல்லாய்த் தேய்ந்த சொல் அது. ‘இந்து’ என்பதும் அப்பட்டியலில் ஒரு தனிப் பிரிவு! ஒருவன் ஒரே சமயத்தில் கிளிங்காகவும் இந்துவாகவும் இருக்கக் கூடுமே என்ற ஐயம் கணக்கெடுத்தோருக்கு எழவில்லை போலும். 1891-இல் ‘தமிழரும் இந்தியாவின் ஏனைய சுதேசிகளும்’ என்று தலைப்பு மாறிற்று. 1921-இல் மலாயா முழுமைக்கும் ஒருங்கே கணக்கெடுத்தபோது, ‘இந்தியர்’ என்பதே தலைப்பாகித் தமிழர் அதன் உட்பிரிவாயினர். ஐம்பது ஆண்டுகளில் இவ்வாறு பெயர் மாறிற்று. மாறியவர் நாமல்லர், எழுதியவரின் பேனாவே மாறிற்று.

1931-ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பொறுப்பேற்ற வ்லீலாந்து என்னும் ஆங்கில அதிகாரி இவ்வுண்மையை மறைக்கவில்லை. ‘இனம்’ என்ற சொல்லைத் தாம் எப்பொருளில் வழங்குகிறோம் என்று வரையறுக்க இயலாது என்றும், பிறந்த நிலம், அரசியற் சார்பு, சமூக உறவு ஆகிய பலவும் நடைமுறை வசதிக்காகக் கலந்த கலவையே அது என்றும் அவர் தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். எழுதிய அதிகாரியே கலவையென்று சொன்னதை, நம்மிற் பலர் இரத்தத்தில் ஊறிய இயற்கையென்று நம்பிக்கொண்டிருப்பது வேடிக்கையன்றோ?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இரயில்வேயில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத் தமிழரும், தமிழகத்தினின்று வந்த தமிழரும் அங்கே வாழ்ந்தனர். இருவர் தாய்மொழியும் தமிழே. எனினும் 1957-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழகத் தமிழர் ‘இந்தியர்’ என்னும் தலைப்பின் கீழும், இலங்கைத் தமிழர் ‘ஏனையோர்’ என்னும் தலைப்பின் கீழும் அமர்ந்தனர். மொழி ஒன்றுபடுத்தியதைக் கப்பலேறிய துறைமுகம் பிரித்துவிட்டது.

இவ்விந்தை நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 1901-ஆம் ஆண்டுக் கணக்கை நடத்திய ரிஸ்லி, சாதிகளைச் சமூக மேன்மையின் வரிசையில் அடுக்க முற்பட்டார். விளைவு யாது? தத்தம் சாதியை மேற்படியில் ஏற்றி எழுதுமாறு சாதிச் சங்கங்கள் விண்ணப்பங்களைக் குவித்தன. உள்ள நோயை அளக்க வந்த கோலே நோயைப் பெருக்கிற்று என்க.

சமத்துவ நாடென்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவையும் பார்ப்போம். 1790-ஆம் ஆண்டின் முதற் கணக்கிலேயே வெள்ளையரும் அடிமைகளும் வேறு வேறாக எண்ணப்பட்டனர். 1930-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவிலிருந்து சென்றவர் யாவருக்கும் ‘இந்து’ என்பதே இனப் பெயர். சீக்கியரும் இந்து, முஸ்லிமும் இந்து! பெயரோடு நின்றதா? பகத்சிங் திந்த் என்னும் சீக்கியர், அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், பிரஜாவுரிமை கோரினார். 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவர் சட்டம் கூறும் ‘வெள்ளையர்’ அல்லர் என்று தீர்ப்பளித்து உரிமையை மறுத்தது. அதே அமெரிக்கா 1970-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியரை வெள்ளையரோடு சேர்த்தது; 1980-இல் ‘ஆசிய இந்தியர்’ எனத் தனிக் கட்டம் வகுத்தது. நிறம் மாறியதோ? இல்லை, கட்டமே மாறிற்று.

‘அப்படியாயின் இக்கணக்குகள் யாவற்றையும் கொளுத்திவிடலாமே’ என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். அவசரம் கூடாது. கணக்கைக் கைவிடுவோன் சாட்சியைக் கைவிடுகிறான்.

1931-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இந்தியர் ஏறத்தாழ 6,20,000 பேர். பதினாறு ஆண்டுகள் கழித்து 1947-இல் எண்ணியபோது ஏறத்தாழ 6,00,000 பேர். இடையில் எத்தனை தொட்டில்கள் ஆடியிருக்கும்! இருந்தும் தொகை பெருகவில்லை, குறைந்தது. ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் தாயகம் திருப்பப்பட்டவர்களும், 1938-இல் இந்திய சர்க்கார் தொழிலாளர் வருகையைத் தடுத்ததும் காரணங்களிற் சில. சயாம்–பர்மா இரயில் பாதையும் பஞ்சமும் நோயும் மற்றைக் காரணங்கள். அப்பாதையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர்; அவர்களுள் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் மிகப் பலர். இவர்களுக்கு அவ்வாறான பெயர்ப் பட்டியலும் இல்லை, கல்லறையும் இல்லை. குறைந்துபோன அந்தக் கணக்கேட்டு எண் ஒன்றே அவர்களுக்கு நடப்பட்ட கல். அதையும் கொளுத்துவோமோ?

ஆகவே கணக்கு வேண்டும். கேள்வியும் கேட்போனும்தாம் மாறவேண்டும். இதற்கு வழிகாட்டியும் அமெரிக்காவிலேயே உண்டு. 1896-இலும் 1897-இலும் டுபாய்ஸ் என்னும் நீக்ரோ அறிஞர் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாய்ச் சென்று, வேலை, கூலி, வாடகை, கல்வி, குடும்பம் என யாவற்றையும் விசாரித்தார். 1899-இல் வெளிவந்த அவரது நூல், கறுப்பரின் வறுமைக்குக் காரணம் அவர்தம் பிறவியன்று, அடைக்கப்பட்ட வாயில்களும் அடிமைத்தனம் விட்டுச்சென்ற வடுவுமே என்று மெய்ப்பித்தது. பிறர் இவர்களைப் பிரித்து எண்ணினர். இவரோ தம் மக்களின் நிலையை எண்ணிக் காட்டினார்.

அந்நாட்டில் இன்று குடிக்கணக்கெடுப்போர் சமயத்தைக் கட்டாயமாய்க் கேட்கலாகாது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தனியார் ஆய்வு நிலையங்களே கேட்கின்றன. பியூ நிலையத்தார் 2007-இல் கேட்டபோது கிறிஸ்தவர் என்றோர் 78 விழுக்காடு. 2023–24-இல் 62 விழுக்காடு. சமயம் பிறப்போடு ஒட்டிய தோலன்று, மாறக்கூடிய மனநிலை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்களுள் இந்துக்கள் 6.1 விழுக்காட்டினர், குடிமக்களுள் இந்தியர் ஏறத்தாழ 6.7 விழுக்காட்டினர். இரண்டெண்ணும் அருகருகே நிற்பதால், இந்தியரென்றால் இந்துவே என்று எண்ணிவிடுகிறோம். 2010-ஆம் ஆண்டுக் கணக்கோ இந்தியருள் இந்துக்கள் 86 விழுக்காடு, கிறிஸ்தவர் 6 விழுக்காடு, முஸ்லிம்கள் 4 விழுக்காடு என்று பகர்கிறது. எஞ்சியோரையும் கூட்டினால், ஏழில் ஒருவரை நாமே நம் பேச்சில் விலக்கிவைக்கிறோம் என்று பொருள்.

தோட்டத்துக் கிராணி எழுதும் செக்ரோலில் ஆளின் பெயரும் நாளும் கூலியும் இருக்கும். துண்டாடப்பட்ட தோட்டத்தினின்று வெளியேறியவன் எங்கே போனான், அவனுக்கு வீடுண்டா, அவன் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் உண்டா என்பன இரா. அவற்றைக் கேட்பது நம் கடமை. அம்பாங்கிலும் கிள்ளானிலும் உள்ள சங்கங்களும் வாசகசாலைகளும் தத்தம் வட்டாரத்தில் வீடு வீடாய்ச் சென்று இவற்றை எழுதட்டும். இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத பாட்டன்மாரின் பெயர்களையும், அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதட்டும். அந்த ஏட்டில் சாதிக்கு ஒரு கட்டம் வேண்டா. பெயருக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.